உவர்நீரில் குளோரைட்டு: பற்றறித் தண்ணியும் பின்னேர வெயிலும் படுத்திய பாடு

பூநகரிப் பக்கத்துக் கிணறு ஒன்றின் நீரில் குளோரைட்டு எவ்வளவு என்று நிறையறி முறையில் பார்த்து முடித்தாயிற்று. முறை தெரிந்ததுதான். வெள்ளி நைத்திரேற்றுச் சேர்த்து, விழுந்த வெள்ளிக் குளோரைட்டை உலர்த்தி நிறுத்து, அதில் குளோரைட்டின் பங்கான 0.2474 ஆல் பெருக்கினால் சரி. பாடாய்ப் படுத்தியது தண்ணீர், வெளிச்சம், கழுவல் மூன்றும்.

காய்ச்சி வடித்த நீர் முடிந்துவிட்டதால் கிளிநொச்சிக்குப் போக வேண்டி வந்தது. கடைக்காரர் பற்றறித் தண்ணியை எடுத்துத் தந்து, "எல்லாம் ஒண்டுதான் தம்பி, பற்றறிக்கே ஊத்திறம்" என்றார். கொண்டுவந்து சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விட்டதும், பால் செம்பு கழுவின தண்ணி மாதிரிக் கலங்கிவிட்டது. அதிலேயே குளோரைட்டு இருக்கிறது என்று அர்த்தம். காசும் போக்குவரத்தும் வீண். எங்கே வாங்கினாலும் இந்த ஒரு துளிச் சோதனையைச் செய்யாமல் பாவிக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரில் கழுவிய முகவைக்கும் கடைசி அலசல் நல்ல நீரில்தான் இருக்க வேண்டும். வியர்த்த விரலை உள்ளே விட்டாலும் உப்புச் சேரும்.

வடிகட்டிய மாதிரி 100 மில்லிலீற்றர், 6 மோலர் நைத்திரிக் அமிலம் 1 மில்லிலீற்றர். அமிலத்தை விடாதீர்கள். எங்கள் கிணற்று நீரில் இருகாபனேற்று நிறைய. அமிலம் இல்லாவிட்டால் வெள்ளிக் காபனேற்றும் சேர்ந்து விழும். 0.1 மோலர் வெள்ளி நைத்திரேற்றைக் குளிர்ந்த கரைசலில் கலக்கிக் கலக்கி விட வேண்டும். முழுதும் விட்ட பிறகுதான் சூடு. முந்திச் சூடாக்கினால் கொஞ்சக் குளோரைட்டு ஐதரசன் குளோரைட்டாகப் பறந்துவிடும். இந்த மாதிரிக்கு 34 மில்லிலீற்றர் அளவில் போதும், 37 விட்டோம். கொதிக்கும் தறுவாய் வரை சூடாக்கினால் திரண்டு அடியில் இறங்கும். மேலே தெளிந்த நீரில் இன்னொரு துளி விட்டுப் பாருங்கள், கலங்கக் கூடாது.

இனி வெயில். மேற்கு யன்னலால் வரும் பின்னேர வெளிச்சம் பட்டால் வெள்ளை வீழ்படிவு ஊதாவாகும். வெள்ளிக் குளோரைட்டு பிரிந்து குளோரீன் வெளியேறுவதால் நிறை குறையும் என்றுதான் பலர் நினைப்பார்கள். கரைசலில் மிகை வெள்ளி அயன் நிற்கும்போது நடப்பது நேர்மாறு. வெளியேறிய குளோரீன் நீரோடு தாக்கி மறுபடியும் வெள்ளிக் குளோரைட்டை விழுத்தும், முன்பு உண்டான உலோக வெள்ளியும் அப்படியே கிடக்கும், நிறை கூடும். வடித்துக் கழுவிய பிறகு வெயில் பட்டால்தான் குறையும். கறுப்புத் தாள் சுற்றி, யன்னலைச் சாத்திவிட்டு வேலை செய்யுங்கள்.

கழுவலில் வெறும் நீர் கூடாது. திரண்டது திரும்பக் கூழாகி வடியோடு போய்விடும். 100 மில்லிலீற்றர் நீருக்கு 6 மோலர் நைத்திரிக் அமிலம் அரை மில்லிலீற்றர் கலந்து, சிறிது சிறிதாய்க் கழுவ வேண்டும். கடைசி வடிநீரில் ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விட்டுக் கலங்காவிட்டால், மிகை வெள்ளி போய்விட்டது, போதும். வடிப்பை விரைவாக்கும் உறிஞ்சிக்குத் தண்ணீர்க் குழாயை நம்பினால், தாங்கியின் அழுத்தம் குறைந்த கணமே குழாய்த் தண்ணீர் குடுவைக்குள் பின்வாங்கும். இடையில் ஒரு வெற்றுப் போத்தல் கட்டாயம் பூட்டுங்கள்.

வடிதாளில் வடித்து எரிக்கும் யோசனை வேண்டாம், காபன் வெள்ளிக் குளோரைட்டை வெள்ளியாகத் தாழ்த்தும். 4ஆம் இலக்க நுண்துளைக் கண்ணாடிப் புடக்குகைதான் (அடியில் வடிதட்டுள்ள சிறு கிண்ணம்) தோது. 110 முதல் 120 பாகையில் உலர்த்தி, டெசிக்கேற்றரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய பாத்திரம்) ஆறவிட்டு, இரு நிறைகளுக்கிடையில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் வித்தியாசம் இல்லாத வரை திரும்பத் திரும்ப நிறுக்க வேண்டும். கரண்ட் நின்றால் ஓவனைத் திறக்காதீர்கள். மாரியில் அதிலுள்ள சிலிக்கா ஜெல் ஈரம் உறிஞ்சி விரைவில் றோசா நிறமாகும், முதல் நாளே சூடாக்கி வையுங்கள். எவ்வளவு வெக்கையென்றாலும் நிறுக்கும்போது விசிறி நிற்க வேண்டும்.

கடைசியில் வீழ்படிவு 0.4850 கிராம். அதாவது லீற்றருக்கு 1200 மில்லிகிராம் குளோரைட்டு. 250 தாண்டினாலே நாக்கு உவர்ப்பை உணரத் தொடங்கும். நீரில் புரோமைட்டு இருந்தால் அதுவும் வெள்ளியோடு சேர்ந்து விழும். கடல்நீர் என்றாலும் அதனால் வரும் வழு 0.2 சதவீதம் அளவுதான்.

புடக்குகையை அமோனியாவால் கழுவலாம். அந்தக் கரைசலை மட்டும் அப்படியே விட்டுவைக்காதீர்கள், வெடிக்கக்கூடிய படிவு உண்டாகும். அன்றே நைத்திரிக் அமிலம் விட்டு அமிலமாக்கி, வெள்ளிக் கழிவுப் போத்தலில் ஊற்றுங்கள்.