பட்டாளத்துக்கு ஏழு நாள், கடலுக்கு இருபது நாள்

"பட்டாளத்துக்காரருக்கு ஏழு நாளு. எனக்கு மட்டும் எதுக்கு தம்பி இருவது நாளு?"

"சட்டம் அப்படிண்ணே."

காவலாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அந்தப் பதில் இன்னும் எனக்கே செரிக்கவில்லை.

மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியின் இரவுக் காவலுக்கு ஏஜென்சி அனுப்பிய ஆள் அவர். பாதி ஆயுசை விசைப்படகில் கழித்து, முழங்கால் விட்டுப்போனதால் கரையேறியவர். 2005-ல் வந்த தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பயிற்சி முடித்தவரைத்தான் காவலராக வைக்க முடியும். எத்தனை மணி நேரம் என்பதை விதிகள்தான் சொல்லும். மத்திய அரசின் மாதிரி விதியில் வகுப்பு 100 மணி நேரம், களப்பயிற்சி 60 மணி நேரம், குறைந்தது 20 வேலை நாள். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீஸாருக்கும் 40-ம் 16-ம் போதும். 7 நாளில் முடித்துவிடலாம். எங்கள் பக்கம் பயிற்சி நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. அவருக்கு உறுத்தியது அதுதான்.

அடையாள ஆவணம் பார்க்கும் பாடத்தில் ஆங்கில எழுத்தும் எண்ணும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மாதிரி பாஸ்போர்ட் ஒன்றை நீட்டினேன். தடவித் தடவித்தான் வாசிப்பார் என்று நினைத்திருந்தேன். விரலை வைத்து, "ஐ, என், டி... நம்ம போட்டு நம்பர்ல இருக்குறதுதான" என்றார். டி.என்., எம்.எம். எல்லாம் அவருக்குப் படகின் பக்கவாட்டிலேயே பாடமாகியிருந்தது.

அடுத்தது பேரிடர் பாடம். ஐஸ் உறைய வைக்கும் அமோனியா வாயு கசிந்தால் காற்று வரும் திசையை நோக்கி வெளியேறுங்கள் என்று குறிப்பைப் பார்த்துச் சொன்னேன். "எந்தக் காத்துன்னு சொல்லுங்க தம்பி" என்றார். "வாடைன்னா கடல் பக்கத்து கேட்டு. சோழகம்னா ரோட்டு கேட்டு. ராத்திரி ஐஸ் ஒடைக்கிற புள்ளைகளுக்கு இதத்தான் மொதல்ல சொல்லணும்." அந்தக் கம்பெனியில் ஐஸ் ஏற்றியே பழகியவர். வாடை வடக்குக் காற்று, சோழகம் தெற்குக் காற்று. என் குறிப்பில் கேட்டும் இல்லை, காற்றின் பெயரும் இல்லை.

ஏஜென்சியிலிருந்து போன் வந்தது: "ஒரு வாரத்துல முடிச்சு சர்டிபிகேட்டைக் குடுத்துருங்க சார்." முடியாது என்றேன். இரண்டு நாள் உட்கார வைத்து 160 மணி நேரத்துக்குச் சான்றிதழ் எழுதும் இடங்கள் இருக்கின்றன. அப்படி வந்தவர்களுக்குத் தீயணைப்பானின் பின்னை எப்படி இழுப்பதென்றே தெரியாது. அனுபவம் என்று சொன்னதும் நாளைக் குறைத்தால், நாளைக்கு எல்லா ஏஜென்சிக்கும் எல்லாரும் அனுபவசாலி ஆகிவிடுவார்கள். அந்தப் பிடிவாதத்தை இன்றைக்கும் நான் விடத் தயாரில்லை.

அவர் பாதியிலேயே நின்றுவிட்டார். வீட்டுக்கு அரிசி வாங்க வேண்டும் என்று யார் மூலமோ சொல்லி அனுப்பினார். அந்த இடத்துக்கு ஒரு முன்னாள் ராணுவ வீரர் வந்தார். ஏழே நாள். நல்ல மனிதர், கண்டிப்பானவர், உள்நாட்டுப் பக்கத்துக்காரர். வாடை எது, சோழகம் எது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன், பெரியவர் சொன்ன வார்த்தையிலேயே.

ராணுவத்துக்குத் தரும் சலுகை தப்பென்று சொல்ல மாட்டேன். ஆயுதத்தை அடையாளம் காண்பது, ராணுவப் பதவிச் சின்னம் தெரிவது எல்லாம் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. அவர்களுக்கு அவை பழக்கமானவை. ஆனால் இங்கேதான் எனக்கு இடறுகிறது. முன் அனுபவத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்று விதியே ஒப்புக்கொண்டுவிட்டது. அது சீருடை போட்ட அனுபவமாக மட்டும் ஏன் இருக்க வேண்டும்? டிஸ்சார்ஜ் புத்தகத்தை மேசையில் வைத்துக் காட்டலாம் என்பதாலா? மீனவர் அடையாள அட்டையும் அரசு கொடுத்ததுதான். அதில் பெயரும் ஊரும் இருக்கும், இருட்டில் எவ்வளவு தூரம் கண் போகும் என்பது இருக்காது.

விதி எழுதும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. அதனால் உரிமம் வழங்கும் அதிகாரிக்கு ஒரு மனு எழுதத் தொடங்கினேன். பாடவாரியாக முதலில் தேர்வு வையுங்கள், தேறிய பாடத்துக்கு மணி நேரத்தைக் கழியுங்கள், மிச்சத்தை மட்டும் நடத்தச் சொல்லுங்கள் என்பது வரை வேகமாக வந்துவிட்டது. தேர்வை யார் நடத்துவது? பயிற்சி மையம்தான் என்றால், என்னைப் போன்ற ஒருவர்தான் நடத்த வேண்டும். ஏஜென்சியின் போனும் அவருக்குத்தான் வரும். போலீஸ் நடத்தட்டும் என்று எழுதினால், தேர்வுத் தேதிக்காகக் காத்திருக்கும் நாட்களுக்கும் சம்பளம் இருக்காது. அந்தப் பத்தியை இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். எதை அனுப்புவதென்று இன்னும் முடிவெடுக்கவில்லை.