400 மில்லி தண்ணீர், 40 பிஎஸ்ஐ காற்று: மூன்றாவது ஞாயிறு

அக்கா மகன் கேட்ட கேள்விதான் ஆரம்பம். "மாமா, விண்வெளியில காத்தே இல்லையே, ராக்கெட் எதைத் தள்ளிக்கிட்டுப் போகும்?" வாயால் சொன்ன விளக்கம் அவனுக்குப் போதவில்லை. சரி, தண்ணீர் ராக்கெட் ஒன்றைச் செய்தே பார்த்துவிடலாம் என்று 1.25 லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்றை எடுத்தோம். பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, தலைகீழாக நிறுத்தி, பம்ப்பால் காற்றடித்து விட்டால், தண்ணீரைக் கீழே பீய்ச்சிக்கொண்டு மேலே கிளம்பும்.

முதல் இரண்டு ஞாயிறும் ஏவும் அமைப்புக்கே போய்விட்டன. கார்க்கில் சைக்கிள் டியூப் வால்வைச் செருகி அடைத்தால், எந்த அழுத்தத்தில் பிய்த்துக்கொண்டு கிளம்பும் என்பது நம் கையில் இல்லை. ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தம் வேண்டும். அரை அங்குல பிவிசி பைப் பாட்டில் வாய்க்குள் கச்சிதமாக நுழைந்தது; ரப்பர் வளையம் போட்டுக் கசிவை நிறுத்தினேன். பாட்டில் கழுத்தைக் கேபிள் டைகளின் தலைகள் கவ்வியிருக்கும். அவற்றை இறுக்கி வைத்திருக்கும் பெரிய பைப் துண்டைக் கயிற்றால் கீழே இழுத்தால் பிடி விடும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தள்ளி நின்றுதான் இழுத்தோம்.

மூன்றாவது ஞாயிறு, பாட்டில் எட்டிய உச்சியின் கோணத்தைப் பார்த்து உயரத்தைக் கணக்கிட, கோணமானியில் நூலும் நட்டும் கட்டி 20 மீட்டர் தள்ளி அவன் நின்றான். எல்லாமே 40 பிஎஸ்ஐ அழுத்தம் (டயருக்குக் காற்றடிக்கும்போது பார்க்கும் அதே அளவு).

வெறும் காற்று: 12 டிகிரி. ஆறு மீட்டர்கூட இல்லை.

400 மில்லி தண்ணீர்: 50 டிகிரி, ஏறக்குறைய 25 மீட்டர். பக்கத்துத் தோப்புத் தென்னைகளைத் தாண்டியது!

ஒரு லிட்டர் தண்ணீர்: தள்ளாடிக் கிளம்பி, சீக்கிரமே திரும்பி விழுந்தது. விழுந்த இடத்தில் மிச்சத் தண்ணீர் கொட்டியது. உள்ளே காற்றுக்கு இடம் கால் லிட்டர்தான். அது விரிந்து தளர்ந்த பிறகு மீதித் தண்ணீரை வெளியே தள்ள அதற்குத் தெம்பில்லை.

முதல் இரண்டையும் வைத்துத்தான் அவனிடம் பேசினேன். வெளிக்காற்று, அழுத்தம், பாட்டில் எல்லாம் ஒன்றுதான். மாறியது பின்னால் எறிந்த பொருளின் எடை. வெளிக்காற்றைத் தள்ளித்தான் மேலே போகிறதென்றால் இவ்வளவு வித்தியாசம் எப்படி வரும்? பாட்டில் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது, தண்ணீர் பாட்டிலை மேலே தள்ளுகிறது. காற்றே இல்லாத இடத்தில் சோதிக்க நம்மிடம் வசதி இல்லை. அதை அமெரிக்காவில் ராபர்ட் காடர்ட் நூறு வருஷத்துக்கு முன்பே செய்துவிட்டார்: காற்றை உறிஞ்சி எடுத்த குழாய்க்குள் வெடித்துப் பார்த்தார், உந்துவிசை குறையவில்லை.

கணக்கும் போட்டோம். பாட்டில் வாயின் பரப்பையும் அழுத்தத்தையும் பெருக்கி இரட்டித்தால், கிளம்பும் கணத்தில் சுமார் 20 கிலோவைத் தாங்கும் விசை. தண்ணீர் வெளியேறும் வேகம் நொடிக்கு 23 மீட்டர் வரும். ஆனால் நொடிக்கு 240 ஃபிரேம் வீடியோவில் எண்ணினால் பதின்மூன்றே ஃபிரேமில் தண்ணீர் தீர்ந்துவிடுகிறது.

எனக்கு மெய்சிலிர்த்தது இதற்குப் பிறகுதான். சந்திரயான்-3ஐ 2023 ஜூலையில் ஏற்றிச் சென்ற இஸ்ரோவின் எல்விஎம்-3 ராக்கெட்டின் மேல் அடுக்கில் திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரிகின்றன. அதுவும் பின்னால் எறிவது பெரும்பாலும் தண்ணீர்தான், கொதிக்கும் ஆவியாக, நொடிக்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல். கடுங்குளிர்த் திரவங்களை எரிக்கும் அந்தக் கிரையோஜெனிக் எஞ்சினைச் சோதிக்கும் இடம் நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரி என்றதும் அவன் வரைபடத்தை எடுத்துவந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு பாட்டில் வாயை 9 மில்லிமீட்டராகக் குறுக்கப் போகிறோம். விசை குறையும், நேரம் நீளும். உயரம் கூடுமா என்று அவனுக்கும் எனக்கும் பந்தயம்; குறையும் என்பது என் கட்சி.