சும்மா கெடந்த சிப்பாய்

ஒரு ஞாயித்துக்கிழமை ஓப்பன் செஸ் டோர்னமெண்ட். கல்யாண மண்டபத்துல சாப்பாட்டு ஹால்ல டேபிள் போட்டு நடத்துவாங்கல்ல அந்த மாதிரி, வெளிய அப்பா அம்மாக்கள் எல்லாம் டிபன் பாக்ஸோட வெயிட்டிங். எனக்கு 39 வயசு. எதிர்ல உக்காந்தவனுக்கு ஒம்போதோ பத்தோ இருக்கும், கால் தரையில படல, ஆட்டிக்கிட்டே இருந்தான்.

நல்லாத்தான் போச்சு. ஒரு குதிரை எக்ஸ்ட்ரா எனக்கு, ஆளுக்கு ஒரு யானை, கொஞ்சம் சிப்பாய்ங்க. என் குதிரை இ5-ல கம்பீரமா நிக்குது. என் யானை ஏ1-ல, அவனோட யானை டி8-ல, டி ஃபைல், அதாவது அந்த நேர் வரிசை முழுக்க காலி. ஏ7-ல அவன் சிப்பாய் ஒண்ணு காவல் இல்லாம கெடந்துச்சு. கடிகாரத்துல எனக்கு இன்னும் இருவது நிமிஷத்துக்கு மேல இருக்கு. ஒரு செகண்ட் கூட யோசிக்கல, யானைய தூக்கி ஏ7-ல வச்சு சிப்பாய எடுத்துட்டேன், அவன் யானைய டி1-ல எறக்கினான். மேட். என் ராஜா ஜி1-ல, முன்னாடி மூணு சிப்பாயும் செவுரு மாதிரி நகராம நிக்குது, குதிரை நடு போர்டுல நின்னு வேடிக்கை பாக்குது.

வெளிய வந்து ரெண்டு பேரும் அந்த பொசிஷன திரும்ப வச்சு பாத்தோம். பையன் கேட்டான், "அங்கிள், ஏன் அத எடுத்தீங்க?"

"சும்மா கெடந்துச்சுப்பா, எடுத்தேன்."

"சும்மா கெடந்தா எடுத்துருவீங்களா?"

நக்கல் இல்ல, நெஜமாவே புரியாம தான் கேட்டான். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டின்னு எங்க பாட்டி சொல்லும், அன்னிக்கு அந்த ஆண்டி நான் தான்.

வீட்டுக்கு வந்து எல்லாரும் பண்றதத்தான் நானும் பண்ணேன். லிச்செஸ்ங்கற செஸ் வெப்சைட்ல கேம ஏத்தி, மூவ எடை போடற கம்ப்யூட்டர் இன்ஜின ஓட விட்டேன். அந்த மூவ் பக்கத்துல ரெண்டு கேள்விக்குறி, செவப்புல, பெரிய சொதப்பல்னு அர்த்தம். சரி, நமக்கு பேக் ரேங்க், அதாவது கடைசி வரிசைல ராஜா மாட்டிக்கிறது தான் வீக்னஸ்னு முடிவு பண்ணி ரெண்டு வாரம் வெறும் பேக் ரேங்க் பசில்ஸா போட்டுத் தள்ளினேன். அதுல கில்லி ஆயிட்டேன். அடுத்த மாசமே இன்னொரு டோர்னமெண்ட்ல, முழு ராணி எக்ஸ்ட்ராவா வச்சுக்கிட்டு, எதிராளி ராஜா மட்டும் எச்8-ல தனியா இருக்கு, நான் ராணிய கொண்டு போய் எஃப்7-ல வச்சேன். ஸ்டேல்மேட், ராஜாவுக்கு செக்கும் இல்ல, நகர எடமும் இல்ல, ஆட்டம் டிரா. அரை பாயிண்ட் போச்சு. அதுக்கப்புறம் ஆன்லைன்ல ஒரு கேம், ஜெயிச்சு கைல வச்சிருக்கேன், குதிரை ஃபோர்க்ல, அதாவது ஒரே குதிரை ரெண்டு காய சேத்து தாக்கினதுல, யானைய விட்டேன்.

அப்பத்தான் கொஞ்சம் உறைச்சுது. பேக் ரேங்க், ஸ்டேல்மேட், ஃபோர்க்னு பேரு வேற வேற, ஆனா கைய நீட்டும்போது மண்டைக்குள்ள ஓடினது மூணு தடவையும் ஒண்ணே ஒண்ணு தான்: "அதான் ஜெயிச்சாச்சே, சட்டுனு முடிச்சிரலாம்". இன்ஜினுக்கு இது தெரியாது. அது மூவ பாக்கும், மைனஸ் மூணுன்னு காட்டும், அதாவது மூணு சிப்பாய் அளவு பின்னாடின்னு, நாமளும் ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு அடுத்த கேம் ஆட போயிருவோம். லிச்செஸ்ல தப்புகள்ல இருந்து கத்துக்கன்னு ஒரு பட்டன் இருக்கு, நீங்க சொதப்பின ஒவ்வொரு இடத்துலயும் நிறுத்தி இத விட நல்ல மூவ கண்டுபுடின்னு கேக்கும், அருமையான விஷயம், ஃப்ரீ வேற. ஆனா அதுவும் நல்ல மூவ் எதுன்னு தான் கேக்கும். ஏன் எடுத்தீங்கன்னு கேட்டது அந்த பையன் மட்டும் தான்.

அதனால ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். கேம் முடிஞ்சதும் இன்ஜின தொடாம, எங்க ஒதச்சுதுன்னு நானே தேடி, அந்த மூவ் ஆடும்போது என்ன நெனச்சேன்னு ஒரே ஒரு வரி எழுதுவேன். "அவன் பாக்க மாட்டான்னு நெனச்சேன்." "அவன் எடுத்தான், நானும் எடுத்தேன்." "கடைசியா அவன் ஆடின மூவ நான் பாக்கவே இல்ல." படிச்சா வெக்கமா இருக்கும், அதான் மருந்தே. இன்ஜின் அதுக்கப்புறம் தான். மொதல்ல நம்பர பாத்துட்டா நாம என்ன நெனச்சோம்ங்கறதே மறந்து போயிரும், ஏதோ ஆழமா யோசிச்சு தான் சொதப்பின மாதிரி நமக்கே கதை விடுவோம்.

நோட்டு பாதி நெறஞ்சப்போ ஒண்ணு தெரிஞ்சுது. நான் கஷ்டமான பொசிஷன்ல அவ்ளோ சொதப்பறதில்ல, அங்க பயந்து பயந்து பாத்து ஆடறேன். ஜெயிக்கிற பொசிஷன்ல தான் கண்ணு மூடிக்குது.

பெரியவங்களுக்கும் இது நடக்குதுங்கறது ஒரு ஆறுதல். 2006-ல ஜெர்மனி பான் நகரத்துல கிராம்னிக், அப்போ உலக சாம்பியன், டீப் ஃப்ரிட்ஸ் கம்ப்யூட்டரோட ஆடும்போது ஒரே மூவ்ல வர்ற மேட்ட பாக்காம ராணிய நகத்திட்டாரு. எச்7-ல கம்ப்யூட்டரோட ராணி மேட், துணைக்கு அதோட குதிரை எஃப்8-ல. வழக்கமா ஜி5 குதிரையோ மந்திரியோ துணை நிக்கிற மேட்டையே பாத்து பழகின கண்ணுக்கு பின்னாடி எஃப்8-ல இருக்க குதிரை தெரியாம போயிருக்கலாம், இது என் ஊகம் தான். அப்புறம் 2024 டிசம்பர், சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப் 14-வது கேம், நாம எல்லாரும் ஆபீஸ் வேலைய போட்டுட்டு பாத்தது. அப்போ சாம்பியனா இருந்த டிங் லிரென் யானைய எஃப்2-ல வச்சு யானைக்கு யானை மாத்திக்க கூப்பிட்டாரு. பாக்க டிராக்கு நேர் ரோடு மாதிரி இருந்துச்சு. ஆனா அவரோட மந்திரி ஏ8 மூலையில மாட்டிக்கிட்டு இருந்துச்சு, யானை மாறினதும் குகேஷ் மந்திரிய டி5-ல வச்சாரு, அதுவும் மாறியே ஆகணும், மிச்சம் ராஜாவும் சிப்பாயும், குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூட. முடிஞ்சுது. அந்த எஃப்2 மூவ பாக்கும்போதெல்லாம் எனக்கு என் நோட்டு தான் ஞாபகம் வருது, "முடிச்சிரலாம்".

குகேஷும் அடிபட்டு வந்த ஆளு தான். 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட்ல மொதல் எட்டு கேமும் ஜெயிச்சவரு, பத்தாவது ரவுண்டுல உஸ்பெகிஸ்தானோட அப்துசட்டோரோவ் கூட ஜெயிக்கிற பொசிஷன்ல இருந்து தோத்தாரு, 16 வயசு, டேபிள்ல தலைய கவுத்து உக்காந்தத பாக்கவே முடியல. உலக சாம்பியனோட மோத ஆள தேர்வு பண்ற டொராண்டோ கேண்டிடேட்ஸ்ல ஏழாவது ரவுண்டு டைம் பிரஷர்ல ஃபிரூஜாகிட்ட தோத்தாரு, 14 ரவுண்டுல அந்த ஒண்ணு தான் தோல்வி, அந்த தோல்வி தான் தனக்கு தெம்பு குடுத்துச்சுன்னு பின்னாடி அவரே சொன்னாரு. நமக்கு தோத்தா தெம்பு வராது, பசி தான் வரும், அது வேற விஷயம்.

இப்ப நான் பண்றது: ஏதாவது எக்ஸ்ட்ரா கெடச்ச உடனே ரெண்டு கையையும் தொடைக்கு கீழ வச்சு அது மேல உக்காந்துருவேன். சிப்பாய எச்3-க்கு நகத்தி ராஜாவுக்கு ஒரு ஜன்னல் தொறந்து விட்டுட்டு அவன் என்ன செக் குடுக்க முடியும்னு எண்ணுவேன்.

போன வாரம் இத அப்படியே பண்ணேன். ஒரு மந்திரி எக்ஸ்ட்ரா, கை தொடைக்கு கீழ, செக் எல்லாம் எண்ணியாச்சு, ஃபோர்க் இல்ல, பேக் ரேங்க் இல்ல, திரும்ப ஒரு தடவை எண்ணினேன், இன்னொரு தடவையும் எண்ணினேன். எதிர்ல இருந்த தாத்தா லேசா கடிகாரத்த காமிச்சாரு. ஃப்ளாக் விழுந்து, அதாவது என் டைம் முடிஞ்சு, நாலு செகண்ட் ஆச்சு.

நோட்டுல புது பக்கம் தொறந்திருக்கேன்.