இம்பூறல் வேர்

பாம்பன் பக்கம் மணல்மேட்டில் இன்று இம்பூறல் செடி ஒன்று வேரோடு பிடுங்கிக் கிடந்தது. சாண் உயரம்கூட இல்லை. வேர் மட்டும் நூல் மாதிரி நீளமாக, ஆரஞ்சு நிறத்தில்.

அந்தக் காலத்துச் சாயக்காரர்கள் தேடி அலைந்த சாயவேர் இதுதான்.

சிவப்புச் சாயச் சரக்கு வேர்த்தோலில் இருக்கிறது. பெயர் அலிசரின். பச்சைத் தண்ணீரில் லேசில் இறங்காது. காய்ந்த வேரை இடித்து ராத்திரி ஊறவைத்து, மெல்லச் சூடேற்ற வேண்டும்.

பருத்தி இதைச் சும்மா பிடிக்காது. முதலில் கடுக்காய்த் தண்ணீரில் முக்கிக் காயவிட்டு, பிறகு படிகாரம். 100 கிராம் துணிக்கு 15 கிராம் போதும். சாயத்தை நூலோடு கட்டிப்போடுவது படிகாரத்தில் உள்ள அலுமினியம்.

கால்சியமும் கொஞ்சம் வேண்டும். மழைநீரில் காய்ச்சினால் சிவப்பு எடுக்காது, ஒரு சிட்டிகை கிளிஞ்சல் தூள் போடுங்கள்.

இரும்புச் சட்டி ஆகவே ஆகாது! சிவப்பு ஊதாவாகிக் கறுத்துவிடும்.

வேரில் அலிசரின் இருக்கிறதா என்று சந்தேகமிருந்தால் வடித்த சாயத்தில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஊதாவுக்கு ஓடும். எலுமிச்சை பிழிந்தால் மஞ்சளுக்குத் திரும்பும்.

1868இல் ஜெர்மனியில் வேதியியலாளர்கள் கிரேபேவும் லீபர்மானும் இதே அலிசரினை ஆய்வகத்திலேயே செய்துவிட்டார்கள். பிறகு மணலைத் தோண்ட யார் வருவார்? மூலக்கூறு ஒன்றுதான், வேரில் கூடவே வரும் மற்றச் சாயங்கள்தான் அதில் கிடையாது.