கண் அளவு

சுங்கை சிப்புட்டில், எங்கள் செம்பனை ஆலை ஃபிட்டர்களுக்கு ஒரு பெருமை உண்டு: போல்ட்டைப் பார்த்தே சைஸ் சொல்லிவிடுவோம். தீபாவளிக்கு வந்த அண்ணன் மகன், சுபாங்கில் விமானப் பராமரிப்பில் இருப்பவன், அதைக் கேட்டுச் சிரித்தான். "சித்தப்பா, அந்தப் பெருமைதான் 1990-இல் ஒரு கேப்டனை ஜன்னல் வழியே வெளியே இழுத்தது."

ஜூன் 10. இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம். 17,000 அடியைத் தாண்டியதும் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போக, கேப்டனின் பாதி உடம்பு வெளியே. ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்துக்கொண்டார், நம்ப முடிகிறதா!

அந்தக் கண்ணாடியை மாற்றியது முந்தைய நாள் நைட் ஷிப்டில். 90 போல்ட்டில் 84 சற்று ஒல்லி. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. சரியான சைஸை ஸ்டோர் ஆள் சொல்லியிருக்கிறார், ஆனால் வற்புறுத்தவில்லை. வேலை செய்தவரோ மேனேஜர், அனுபவசாலி. பழைய போல்ட்டைக் கையில் வைத்து, மங்கலான வெளிச்சத்தில், படிக்கும் கண்ணாடி போடாமல், கண்ணாலேயே ஜோடி பார்த்து எடுத்தார். கழற்றிய பழசே தப்பான சைஸ்தான் என்பது தனிக் கூத்து. இன்னொருவர் சரிபார்த்தே ஆக வேண்டும் என்ற விதியும் அந்த வேலைக்கு அப்போது இல்லை.

சோம்பேறி செய்த தப்பு என்றால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இவர் வேலையைச் சீக்கிரம் முடித்துத்தர நினைத்த நல்ல தொழிலாளி.

அப்புறம், எங்கள் ஸ்டோர் ட்யூப்லைட் ரொம்ப நாளாகக் கண்ணடிக்கிறது. இன்ஜினியரிடம் சொல்லியிருக்கிறேன், பார்ப்போம்.