கழிவுநீரில் விளையும் மீன் தீனி

முட்டையிலிருந்து வெளிவந்து சில நாள்களே ஆன மீன்குஞ்சின் வாய் மிகச் சிறியது. நீரில் அசைந்து திரியும் உயிருள்ள நுண்ணிரையையே அது நாடிப் பிடிக்கும். இதற்காகக் கொழும்பில் அலங்கார மீன் வளர்ப்போர் பலர் ஆர்ட்டீமியா எனும் சிறிய உப்புநீர் இறாலினத்தின் விலையுயர்ந்த முட்டைகளை வாங்குகின்றனர்.

சுத்திகரித்த கழிவுநீரில் எஞ்சியிருக்கும் நைதரசனும் பொசுபரசும் அல்காக்கள் எனும் நுண்பாசிகளைப் பெருக்குகின்றன. அந்த அல்காக்களையும் பற்றீரியாக்களையும் வடித்து உண்ணும் மொய்னா, டாப்னியா போன்ற விலங்குப் பிளாந்தன்கள், அதாவது நீரில் மிதந்து வாழும் நுண்விலங்குகள், சாதகமான சூழலில் ஆணின் துணையின்றியே பெருகி, நம் வெப்பமான காலநிலையில் ஒரு வாரத்துக்குள் அடுத்த தலைமுறையை ஈன்றுவிடுகின்றன. மொய்னாவின் உலர் எடையில் ஏறத்தாழப் பாதி புரதம். நீரும் தெளிகிறது, தீனியும் கிடைக்கிறது.

கொழும்பின் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் குழாய் வழியே நெடுங்காலம் கடலில் கலந்துவந்த இந்தச் சத்துகளை எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது. கொல்கத்தாவின் கிழக்கே, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002 இல் இடம்பெற்ற சுமார் 12,500 ஹெக்டேயர் ஈரநிலத்தில், நகரக் கழிவுநீரைக் கொண்டே மீன் வளர்க்கிறார்கள்.

ஆயினும் தொழிற்சாலைக் கழிவு கலந்த நீரை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். காட்மியம், ஈயம் போன்ற பார உலோகங்கள் பிளாந்தன்களில் சேர்ந்து மீனுக்கும், அதனை உண்பவருக்கும் செல்லக்கூடும். நோய்க்கிருமிகளும் அமோனியாவும் பரிசோதிக்கப்பட வேண்டும். ஆகவே வீட்டுக் கழிவுநீரை மட்டும் சுத்திகரிக்கும் குளங்களில், உணவுக்குப் பயன்படாத கப்பி போன்ற அலங்கார மீன்களுக்காக முதலில் தொடங்குவதே பொருத்தமானது.