ஓர் எழுத்தால் தள்ளிப்போன பாரிஸ் பயணம்

அம்மாவைப் பாரிஸ் புறநகரில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போய்த் திரும்பியாயிற்று. பேரனை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டும், பிரெஞ்சுச் சாப்பாட்டை அந்த ஊரிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற அம்மாவின் இரண்டு ஆசைகளும் நிறைவேறின. ஆனால் கிளம்புவதற்கு முன் ஒரே ஒரு காகிதம் எங்களைப் படுத்திய பாடு இன்னும் மனத்தில் ஆறவில்லை.

பிரான்ஸ் விசாவுக்கு, உறவினர் வீட்டில் தங்கப் போகிறோம் என்றால் ஓட்டல் முன்பதிவுக்குப் பதிலாக ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ வேண்டும். அழைப்பவர் தம் ஊர் மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் காட்டி வாங்கித் தர வேண்டிய சான்று அது. ஒரு சான்றுக்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம். சான்று தர மறுத்தாலும் அந்தப் பணம் திரும்பாது. கணவன் மனைவியும் சிறு பிள்ளைகளும் ஒரே சான்றில் அடங்குவார்கள். அம்மாவுக்கும் எனக்கும் தனித்தனியாக வாங்க வேண்டியிருந்தது.

சிக்கல் பெயரில் வந்தது. அப்பா பிறந்தது புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி நடந்த காலத்தில். அவர் பிறப்புச் சான்றில் பெயர் பிரெஞ்சு முறையில், உகர ஒலிக்கு ‘ஓ, யூ’ என்று இரண்டு எழுத்துகள் சேர்ந்து இருக்கும். அத்தான் குடும்பம் 1962-க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களில் ஒன்று. திருமணத்துக்குப் பின் அக்காவின் பிரான்ஸ் ஆவணங்களிலும் அப்பா பெயர் அப்படியே ஏறிவிட்டது. எங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டுகளில் எங்கள் பெயரோடு சேர்ந்து வரும் அப்பா பெயரிலோ வெறும் ‘யூ’தான். எங்கள் பாஸ்போர்ட் நகல் கண்ணெதிரே இருந்தும், மேரியில் இருந்த எழுத்தர் அக்காவின் அட்டையைப் பார்த்து எங்கள் பெயரைத் ‘திருத்தி’ அடித்துக் கொடுத்துவிட்டார்.

அசல் கூரியரில் வந்து சேர்ந்தது. விசா விண்ணப்பம் கொடுக்க எங்களுக்குத் தேதி கிடைத்தது சென்னையில்தான். விடியும் முன்பே கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸைப் பிடித்து, மூட்டு வலியோடு அம்மா வந்தார். விசா மையத்தின் கவுன்ட்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் தடவிப் பார்த்தார். “பெயர் ஒத்துவரவில்லை. வேறு சான்று கொண்டுவாருங்கள்” என்றார். அவ்வளவுதான், அடுத்த டோக்கன். விளக்கம் கேட்க நின்றபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இந்த மையங்கள் விண்ணப்பத்தை வாங்கி அனுப்பும் இடங்கள் மட்டுமே. விசா தருவதும் மறுப்பதும் தூதரகம். “இப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்” என்று நாம் வற்புறுத்தலாம். ஆனால் 90 யூரோ விசாக் கட்டணம் வீணாகிவிடும் என்ற பயம். அதோடு அதே சான்றை பாரிஸ் விமான நிலையத்திலும் கேட்பார்கள். மனம் கசந்து ஊர் திரும்பினோம்.

மேரியில் அக்காவிடம், புதிதாகத் தேதி வாங்கு, முத்திரையும் புதிதாக வாங்கு என்றார்கள். அக்கா அசையவில்லை. தவறு உங்களுடையது, நான் கொடுத்த பாஸ்போர்ட் நகல் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள் என்று நின்றாள். மேலதிகாரி வந்து கோப்பைப் புரட்டினார். அங்கேயே, கட்டணம் இல்லாமல், புதிய சான்று கிடைத்தது. அக்காவை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை! ஆகவே அழைப்பவர் மேரியை விட்டு வெளியே வரும் முன்பே சான்றைப் படம் எடுத்து அனுப்பட்டும். நீங்கள் பாஸ்போர்ட்டோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தச் சான்றைத் தொடங்குங்கள். விசா வரும்வரை பணம் திரும்பாத விமான டிக்கெட்டை வாங்காதீர்கள்.

காப்பீடு (30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது), கைரேகை, வங்கிக் கணக்கு எல்லாம் சுலபமாக முடிந்தன. விமான நிலையத்தில் அதிகாரி கேட்டதும் சான்றின் அசலை நீட்டினேன். பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாமல் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

இனி சாப்பாடு. பாரிஸில் பல உணவகங்களில் மதிய உணவு பன்னிரண்டிலிருந்து ஏறக்குறைய இரண்டு வரைதான். புறநகர் ரயில் தாமதமாகி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டரை. ஒரு கடையில் சமையலறை மூடியாயிற்று என்றார்கள். அடுத்ததிலும் அதே பதில். அம்மாவின் முகம் வாடிவிட்டது. பிறகு அத்தான்தான் 1896 முதல் நடக்கும் பூய்யோன் ஷார்த்தியே என்ற உணவகத்துக்கு அழைத்துப் போனார். அங்கே இடைவெளி இல்லாமல் இரவுவரை பரிமாறுகிறார்கள். உயர்ந்த கூரை, பித்தளைக் கம்பிகள், கறுப்பு அங்கியும் வெள்ளை ஏப்ரனும் அணிந்த பரிமாறுபவர்கள். நாங்கள் சொன்னதை மேசைமேல் விரித்த காகிதத்திலேயே கிறுக்கிக்கொண்டு போனார் ஒருவர். அம்மா மாட்டிறைச்சி தொடமாட்டார். வெங்காய சூப்பைப் பலரும் சைவம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மாட்டெலும்புச் சாற்றில் செய்வது, கேட்டுவிட்டு வாங்குங்கள். அம்மா சாப்பிட்டது வாத்துக் கறி, தன் கொழுப்பிலேயே மெல்ல வெந்தது. முள்கரண்டி பட்டதும் எலும்பிலிருந்து சதை கழன்று விழுந்தது. மொறுமொறுத்த தோலையும் மிச்சம் வைக்கவில்லை.

தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள். ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொண்டுவந்து வைப்பார்கள், ரொட்டியும் அப்படியே. சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கிறது. ஞாயிறு, திங்கள் பல கடைகள் திறப்பதில்லை. ஆகஸ்டில் வாரக்கணக்கில் மூடிவிட்டு விடுமுறைக்குப் போய்விடுகிறார்கள், குடும்பமாக நடத்தும் நல்ல கடைகள்தான் முதலில். அந்த மாதம் போகிறவர்கள் அங்கே இருக்கும் உறவினரிடம் முன்கூட்டியே விசாரித்து இடம் பதிவு செய்யச் சொல்லுங்கள்.